தினமும் நடந்தும் தொப்பை குறையலையா? கார்டியோ, வெயிட், சாப்பாடு... எதற்கு என்ன வேலை?

சென்னை மெரினாவிலும் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலும் காலை ஐந்தரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை அடையாளம் காணப்பட்டது. ஆக, நடக்க இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனாலும் வருடக்கணக்கில் நடக்கிற பலரிடமும் ஒரே புலம்பல்தான்: “டெய்லி ஒரு மணி நேரம் நடக்கிறேன் சார், தொப்பை மட்டும் அப்படியே இருக்கு.”

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆன இளைஞரின் புலம்பல் வேறு. “கொழுப்பைக் குறைக்கத்தான் ப்ரோ சேர்ந்தேன், வெயிட் தூக்க ஆரம்பிச்சதும் எடை ஏறிடுச்சு.” மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். இரவுச் சாப்பாட்டையே நிறுத்தி, இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்தவர். கன்னம் ஒட்டிவிட்டது, மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது. வயிறு மட்டும் பெரிதாக மாறவில்லை.

மூன்று பேருமே சோம்பேறிகள் இல்லை. ஆளுக்கு ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டின் வேலையையும் அதையே செய்யச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே எடை, இரண்டு உடம்பு

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எடை குறைவது வேறு, கொழுப்பு குறைவது வேறு. எடை மெஷின் காட்டுகிற எண்ணில் தண்ணீர், தசை, எலும்பு, கொழுப்பு எல்லாம் கலந்திருக்கிறது. எது குறைந்தது என்று மெஷினுக்குத் தெரியாது.

2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சுவாரஸ்யமான படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கின் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. அதாவது, உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர். இன்னொருவருக்கு லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் உடற்பயிற்சி என்று கட்டுரையிலேயே கிண்டலாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்களிடம் இந்த உடல்வாகு அதிகம் என்பதை அதற்குப் பின் வந்த பல ஆய்வுகள் உறுதிசெய்தன. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தி, 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பிஎம்ஐ கணக்குப்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6%. வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5%. எடை மெஷின் ‘நார்மல்’ என்று சொல்லியும் தொப்பை இருப்பவர்கள் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறார்கள். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு உள்ளேயும், பெண்களுக்கு 80-க்கு உள்ளேயும் இருக்க வேண்டும் என்பது அளவுகோல்.

அப்படியென்றால் நம்மில் பலருக்கு இரண்டு வேலை ஒன்றாக நடக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பு குறைய வேண்டும், ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசை மேலும் கரையாமல் இருக்க வேண்டும். வெறும் பட்டினி இரண்டாவது வேலையைக் கெடுக்கும். வெறும் நடை முதல் வேலையையே பாதியில் விட்டுவிடும்.

ஒரு மணி நேர நடையும் நான்கு டீயும்

70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது தோராயமாக 200 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. மாதம் முழுக்க ஒருநாள்கூட விடாமல் நடந்தாலும் கணக்கு 6,000-ல் நின்றுவிடும். ஒரு கிலோகூட வரவில்லை.

இதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூட மாறாமல் இருந்தால்தான். நடைமுறையில் என்ன நடக்கிறது? நடந்து முடித்ததும் பார்க் வாசலில் சுடச்சுட இரண்டு வடை, ஒரு காபி. கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. வடையே சாப்பிடாதவர்கூட ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டால் அந்தச் சர்க்கரை மட்டும் 160 கலோரி.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. கூடுதல் எடை உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு கார்டியோ மட்டும், இன்னொன்றுக்கு வெயிட் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். சாப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து அளந்தபோது, கார்டியோ குழு இழந்த கொழுப்பு சராசரியாக 1.66 கிலோ. வெயிட் குழுவில் கொழுப்பு கால் கிலோதான் குறைந்தது, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை 1 கிலோவுக்கு மேல் கூடியது, அதனால் மொத்த எடையும் கூடியது. ஜிம் இளைஞரின் புலம்பலுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. இரண்டும் செய்த குழுவில் கொழுப்பு 2.44 கிலோ குறைந்தது, தசையும் கூடியது. ஆனால் அவர்கள் செலவழித்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

கொழுப்பைக் குறைப்பதில் வெயிட்டைவிட கார்டியோ மேல் என்று இதை வாசிக்கலாம். தவறில்லை. ஆனால் எட்டு மாத உழைப்புக்குக் கிடைத்தது ஒன்றரை கிலோ சொச்சம் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். உடற்பயிற்சி மட்டும் செய்து பெரிய அளவில் கொழுப்பைக் குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த எண் தோதாக இல்லை.

உடம்பும் கொஞ்சம் கஞ்சத்தனம் செய்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் ஆய்வு செய்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கிறவர்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரி, நாற்காலியில் உட்கார்ந்து வேலைபார்க்கும் மேற்கத்திய மனிதரோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதிகமாக உழைக்கும்போது உடம்பு வேறு எங்கோ செலவைக் குறைத்துக்கொள்கிறது.

அப்போ நடக்கவே வேண்டாமா? வேண்டும், கண்டிப்பாக வேண்டும். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கொழுப்பு விஷயத்தில் அதன் பெரிய வேலை, குறைந்தது திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது. எடையைக் குறைத்துப் பல வருடம் தக்கவைத்தவர்களின் விவரங்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேகரித்து வருகிறார்கள். அதில் உள்ளவர்களில் பெரும்பாலானோரின் பழக்கம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிய உடலுழைப்பு. அதிலும் அதிகம் பேர் செய்வது சாதாரண நடைதான்.

தசை இல்லாமல் இளைத்தால் என்ன ஆகும்?

வெயிட் தூக்கினால் தசை வரும், தசை நாள் முழுக்கக் கொழுப்பை எரிக்கும் என்று ஜிம் சுவர்களில் எழுதியிருப்பார்கள். பாதி உண்மை. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. இரண்டு கிலோ தசை ஏற்ற மாதக்கணக்கில் பாடுபட்டாலும் கூடுதல் செலவு அரை பிஸ்கட் அளவுதான்.

வெயிட்டின் அருமை தெரிவது வேறு இடத்தில். சாப்பாட்டைக் குறைக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை, தசையிலும் கை வைக்கும். ‘இந்தத் தசை தினமும் பயன்படுகிறது, இதைத் தொடாதே’ என்று உடம்புக்குச் சொல்லும் வழிதான் வெயிட் டிரெய்னிங்.

2017-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 160 பேர் கலந்துகொண்டார்கள். ஒப்பீட்டுக் குழுவைத் தவிர மற்ற மூன்று குழுக்களுக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு. அதோடு ஒரு குழு கார்டியோ, ஒரு குழு வெயிட், ஒரு குழு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுக்களிலும் எடை ஏறக்குறைய 9% குறைந்தது. மெஷினைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்று. உள்ளே பார்த்தால் கதை வேறு. கார்டியோ மட்டும் செய்தவர்கள் கொழுப்பற்ற எடையில் 5% இழந்திருந்தார்கள். வெயிட் குழுவில் அது 2%, இரண்டும் செய்தவர்களிடம் 3%. இடுப்பெலும்பின் அடர்த்தி கார்டியோ குழுவில் 3% குறைந்தது, வெயிட் குழுவில் அரை சதவீதம்தான். உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டும் செய்தவர்கள்.

வெயிட் என்றாலே இருபது வயதுப் பையன்களின் சமாச்சாரம் என்று நினைக்கும் வீடுகளில் இந்த முடிவை உரக்க வாசிக்கலாம். முட்டிவலிக்குப் பயந்து வாக்கிங்கோடு நிறுத்திக்கொள்ளும் ஐம்பது, அறுபது வயது அம்மாக்களுக்குத்தான் இது முதலில் தேவை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் வேகமாகக் கரைகிற வயது அது. ‘வெயிட் தூக்கினால் உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்’ என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. வருடக்கணக்கில் அதற்கென்றே உழைக்கும் ஆண்களுக்கே அந்த உடம்பு எளிதில் வருவதில்லை.

இப்போது இதற்கு இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் மௌன்ஜாரோ, வீகோவி ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பசியை அடக்கி எடையை வேகமாகக் குறைக்கும் மருந்துகள். வீகோவியில் உள்ள செமாக்ளூட்டைடு மருந்தின் முக்கிய ஆய்வு ஒன்றில், உடல் கூறுகளை ஸ்கேன் செய்து பார்க்கப்பட்டவர்கள் இழந்த எடையில் 40% அளவுக்குக் கொழுப்பற்ற எடை. அது அத்தனையும் தசை இல்லை, தண்ணீர் போன்றவையும் அதில் அடக்கம். இருந்தாலும், ஏற்கெனவே தசை குறைவான உடம்போடு ஊசி போட்டுக்கொள்கிறவர் வெயிட்டையும் புரதத்தையும் விட்டுவிட்டால் இழப்பது எது என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தட்டில் என்ன இருக்கிறது?

கொழுப்பு குறைய முக்கியக் காரணம் சாப்பாடுதான். தினமும் 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் ஆரம்பத்தில் வாரம் அரை கிலோ வரை குறையும். அதற்கு மேல் அவசரப்படுவது பெரும்பாலும் தசைக்கு வினை.

ஆனால் நம் தட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு சராசரி நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி, சாம்பார். மதியம் இரண்டு கரண்டி சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். சாயங்காலம் டீ. இரவு மூன்று தோசை, சட்னி. வயிறு நிறைந்துவிடும். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 40 கிராம் தேறினால் அதிகம். 70 கிலோ ஆளுக்கு ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், 58 கிராம் வேண்டும். அதுவும் எடையைக் குறைக்காமல் சாதாரணமாக இருப்பவருக்கு. கொழுப்பைக் குறைக்கிற காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 70 கிலோவுக்கு 84 கிராம், குறைந்தபட்சம்.

இந்தத் தட்டை அப்படியே பாதியாக்கினால் கலோரி பாதியாகும். புரதமும் 20 கிராமாகச் சுருங்கும். இரவுச் சாப்பாட்டை நிறுத்தியவரின் கால் நடுங்குவது இதனால்தான்.

புரதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றே போதும். 40 இளைஞர்கள், நான்கு வாரம், தேவையான கலோரியில் 40% வெட்டு, வாரம் ஆறு நாள் கடுமையான பயிற்சி. ஒரு பாதிக்கு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறுபாதிக்கு 2.4 கிராம். அதிகம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பற்ற எடையில் 1.2 கிலோ ஏற்றியிருந்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்கள் இழந்தது 3.5 கிலோ கொழுப்பு, ஏற்றியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இவ்வளவு கடுமையான திட்டத்தை வீட்டில் யாரும் முயற்சிக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

சோறே வேண்டாம் என்று சபதம் எடுப்பதைவிட, ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது நீடிக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 9, 10 கிராம். 100 கிராம் பன்னீரில் 18. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் போட்ட மீன் 100 கிராமுக்கு 20 கிராம். மீல்மேக்கர் என்று கடையில் கேட்டால் தருவார்களே, அந்த சோயா உருண்டை உலர்ந்த நிலையில் 50 கிராமுக்கு 25 கிராம். ஜிம்மில் விற்கும் பவுடர் கட்டாயமில்லை, சாப்பாட்டில் முடியாதவர்களுக்கு அது ஒரு வசதி. வேர்க்கடலையில் புரதம் உண்டு, ஆனால் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல். கொறிக்கக் கொறிக்கக் கணக்கு தப்பும்.

காசு ஒரு தடை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நான்கு பேர் குடும்பத்தில் அதை 30 நாளுக்குப் பிரித்தால் தலைக்கு எட்டு கிராம் பருப்பு. அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமைத் தொடாது. ‘மாவுச்சத்தைக் குறை, புரதத்தைக் கூட்டு’ என்று ரீல்ஸில் சொல்வது சுலபம்.

எண்ணெயும் கவனிக்கப்படாத ஆள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெயானாலும் சரி, தேங்காய் எண்ணெயானாலும் சரி, கலோரியில் வித்தியாசம் இல்லை.

வாரத்தை எப்படிப் பிரிப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோ, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி என்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு இதை இப்படிப் பிரிக்கலாம்: திங்கள், வியாழன் வெயிட், தலா 40 நிமிடம். முடிந்தால் சனிக்கிழமை இன்னொன்று. மற்ற நாள்களில் 35, 40 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்தின் அளவு.

ஜிம் இல்லாவிட்டாலும் காரியம் நிற்காது. தண்டாலும் பஸ்கியும் இந்த ஊர்ப் பயிற்சிகள்தான். தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், பஸ்கி வராதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடிப்பது ஆரம்பம்தான். சுலபமாகிவிட்டால் எடையோ எண்ணிக்கையோ கூட வேண்டும். ஒரு சுற்றின் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இல்லை என்றால், அது தசைக்கு ஒரு செய்தியும் சொல்லவில்லை.

கார்டியோ செய்தால் தசை போய்விடும் என்று சிலர் நடப்பதையே நிறுத்துகிறார்கள். இந்தப் பயத்தின் மூலம் 1980-ல் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வு. அதில் இரண்டும் செய்த குழுவின் பலம் ஏழாவது வாரத்துக்குப் பின் வளரவில்லை. ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் கடும் வெயிட்டும் ஆறு நாள் மூச்சு வாங்கும் ஓட்டம், சைக்கிளும் செய்தவர்கள். வாரம் நான்கு நாள் பார்க்கில் நடப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம். ஒரே நாளில் இரண்டும் செய்தால் வெயிட்டை முதலில் முடித்துவிடுவது நல்லது, அவ்வளவுதான்.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்பதும் பிரபலம். 2014-ல் 20 இளம் பெண்களை வைத்து நான்கு வாரம் சோதித்ததில், வெறும் வயிற்றில் செய்தவர்களுக்கும் சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கு மட்டும் பயிற்சி என்ற யோசனை 1984-லேயே அடிவாங்கியது. 27 நாளில் 5,004 சிட்-அப் செய்தவர்களுக்கு வயிற்றில் இருந்த கொழுப்புச் செல்கள் முதுகில், பின்புறத்தில் இருந்ததைவிட அதிகமாகச் சுருங்கவில்லை. எங்கிருந்து கரைப்பது என்பதை உடம்பே முடிவு செய்கிறது.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சிகாகோ பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பத்துப் பேரை ஒரே கலோரிக் கட்டுப்பாட்டில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டிலும் குறைந்த எடை சுமார் 3 கிலோ. நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ.

எடை மெஷினை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கூடவே ஒரு தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். எடை அசையாமல் டேப் மட்டும் இறங்கினால் கொழுப்பு குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எடை இறங்கி, டேப் நகராமல், தூக்குகிற எடையும் வாரத்துக்கு வாரம் குறைந்தால் சாப்பாட்டில் புரதத்தைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரை அளவை வேகமாகக் குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நடைக்கு நடுவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, தூக்கும்போது வெளியே விட வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலோ இருந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.